மூன்று லேட், ஒரு ஆப்சென்ட்

கேட்டம்மாவுக்கு வேறு பெயர் உண்டு. பணியாளர் பட்டியலில் மட்டும் அது உயிரோடு இருந்தது. பிள்ளைகளுக்கும் அவர்களைக் கொண்டுவந்து விடுகிறவர்களுக்கும் அவள் கேட்டம்மாதான்.

அந்தத் தொடக்கப் பள்ளியின் வாயிலில் பதினாறு வருஷமாக நிற்கிறாள். அதற்கு முன்பு பொத்தான் தொழிற்சாலையில், ஓட்டை சரியாக விழாத பொத்தான்களைப் பொறுக்கி எறிகிற வேலை. “ரெண்டு கண்ணா நாலு கண்ணான்னு அதுங்களைப் பாத்துப் பாத்தே என் கண்ணு போச்சு” என்பாள். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. தம்பி பிறந்ததும் தொட்டில் ஆட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டில் அண்ணன் ஒருவனும் சும்மா இருந்தான். ஆனால் தொட்டில் கயிறு ஆண்பிள்ளை கைக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, ஒரு பிள்ளை பையோடு வாயிலைத் தாண்டி உள்ளே போவதைப் பார்க்க அவளுக்குச் சலித்ததே இல்லை.

எட்டே முக்காலுக்கு மணியடித்துப் பெரிய கேட்டை இழுத்துச் சாத்துவாள். பிறகு வருகிறவர்கள் பக்கத்துச் சிறு கதவு வழியாக வரவேண்டும். அவர்கள் பெயரை லேட் நோட்டில் எழுதி, ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுப்பாள். அந்தச் சீட்டு இல்லாமல் வகுப்பில் ஏற்க மாட்டார்கள். பதினைந்து வருஷம் இவ்வளவுதான் நடந்தது. பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடும், டீச்சர் ஒரு முறை முறைப்பார், பாடம் தொடரும்.

இந்த வருஷம் பெரிய டீச்சர் ஒரு விதி கொண்டுவந்தார். சிறு வயதிலேயே நேரம் பழக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கெட்ட ஆசையும் அல்ல. மூன்று லேட் சேர்ந்தால் ஒரு ஆப்சென்ட். இருபது ஆப்சென்ட் ஆனால் பெயரை நீக்கிவிடுவார்கள்; அடுத்த வருஷம் அதே வகுப்பில் மறுபடி சேரவேண்டும். பெற்றோர் கடிதம் கொடுத்து எடுக்கும் விடுப்பு மட்டும் கணக்கில் வராது.

விதி வந்து இரண்டு மாதத்தில் நோட்டில் அதிகம் ஏறிய பெயர் பட்டாணியுடையது. ஒன்றாம் வகுப்பு. உருண்டைக் கன்னமும் உருளும் நடையுமாக இருப்பதால் அந்தப் பெயர். அவளுடைய அம்மா ஓர் ஆறுமாடி அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறவள். விடியற்காலை நாலு மணிக்குப் போவாள். வேலை எட்டு மணிக்கு முடிந்துவிடும், ஆனால் சூப்பர்வைசர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கிளம்பலாம். அந்த மனிதர் எட்டுக்கும் வருவார், எட்டு இருபதுக்கும் வருவார். அவர் தாமதத்தை எழுத எந்த வாயிலிலும் நோட்டு கிடையாது. அவர் தின்ற நிமிடங்களை ஆறு வயதுப் பிள்ளை கக்க வேண்டும்.

ஒரு நாள் கேட்டம்மா நோட்டை எண்ணிப் பார்த்தாள். இருபத்தேழு லேட். அதாவது ஒன்பது ஆப்சென்ட். அந்த இரண்டு மாதத்தில் பட்டாணி ஒரு நாள்கூடப் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. மழை நாளில் பாதி வகுப்பு காலியாகக் கிடந்தபோதும் அவள் வந்திருந்தாள். ஏழு நிமிடம் தாமதமாக, நனைந்து. இந்தப் போக்கில் பாதி வருஷம் தாண்டுமுன் அவள் பெயர் போய்விடும். பள்ளிக்கு வராத குற்றத்துக்காக, தினமும் வந்த பிள்ளையின் பெயர். தலையெழுத்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இது நீல மையில், கோடு போட்ட நோட்டில், கேட்டம்மாவின் சொந்தக் கையால் எழுதிய எழுத்து.

அவள் பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். மேலே அனுப்பும் படிவத்தில் ‘வந்தார்’, ‘வரவில்லை’, ‘விடுப்பு’ என்று மூன்று கட்டம்தான் இருக்கிறது, ‘பாவம்’ என்று நாலாவது கட்டம் இல்லை என்றார். ஒரு பிள்ளைக்குத் தளர்த்தினால் நாளைக்கு நாற்பது அம்மாக்கள் வந்து நிற்பார்கள் என்றும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில்தான் கேட்டம்மாவுக்கு அந்த யோசனை தோன்றியது. மூன்றாவது கட்டம் இருக்கிறதே. மறுநாள் சிறு கதவில் பட்டாணியின் அம்மாவைப் பிடித்து நிறுத்தினாள்.

“இந்தா பாரு, நேரமாயிடுச்சுன்னா இனிமே கூட்டிட்டு வராதே.”

“என்னக்கா சொல்றீங்க? படிப்பு?”

“பேரு இருந்தாத்தானே படிப்பு? லேட்டா வந்தா கணக்குல ஏறும். வராம இருந்து லெட்டர் கொடுத்தா ஏறாது.”

“எனக்கு எழுத வராதுக்கா.”

“எனக்கு வரும்” என்றாள் கேட்டம்மா.

ஐந்தாம் வகுப்பில் அவள் கடைசியாகக் கற்றதே விடுப்புக் கடிதம்தான். மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு என்று தொடங்கி, கீழ்ப்படிதலுள்ள என்று முடித்தாள். முதலில் காய்ச்சல். அடுத்து வயிற்றுவலி. பிறகு பல்வலி, இருமல், கால் சுளுக்கு. ஒரு மாதத்தில் அவளுக்குத் தெரிந்த நோய்கள் தீர்ந்துபோய், மறுபடி காய்ச்சலுக்கே வந்தாள். வகுப்பு டீச்சர் கவலைப்பட்டு, பிள்ளையை நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினார். “இவ்வளவு நோவு எங்க கிழவனுக்குக்கூட இல்லையே” என்று கேட்டம்மா தன் கணவனை வைத்துச் சிரித்துக்கொண்டாள். லேட் ஏறுவது நின்றிருந்தது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக உண்மையிலேயே நம்பினாள்.

விடுப்பு வாரத்துக்கு ஒரு நாளாக இருந்தது, இரண்டானது, மூன்றானது. விடுப்பு நாளில் அம்மா வந்ததும் படுத்துத் தூங்கலாம். அந்த ருசி உடம்புக்குத் தெரிந்த பிறகு, சூப்பர்வைசர் எட்டு மணிக்கே வந்த நாட்களும் தாமத நாட்களாயின. அவளைக் குறை சொல்ல, நாலு மணிக்கு எழுந்து ஆறு மாடி துடைத்தவர்கள் மட்டும் வரலாம். பட்டாணி வந்த நாட்களில் பாடம் அவளை விட்டு எங்கோ போயிருந்தது. எல்லோரும் எழுத்துக் கூட்டி வாசிக்க, அவள் பக்கத்துப் பெண்ணின் உதட்டைப் பார்த்து வாயசைத்தாள்.

இந்தக் கடித வழி பஸ் நிறுத்தத்திலும் பரவியது. இன்னும் மூன்று, நான்கு தாய்மார் கற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதக் கடைசியில் லேட் நோட்டில் ஒரு பெயர்கூட இல்லை. காலைக் கூட்டத்தில் பெரிய டீச்சர் கேட்டம்மாவைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்தார். பதினாறு வருஷத்தில் முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்ட பிள்ளைகள் யாரோ என்று திரும்பிப் பார்த்தார்கள். நேரம் தவறாமையில் நம் பள்ளி முதலிடம், மற்றப் பள்ளிகளும் இந்த விதியைக் கேட்டு வாங்கியிருக்கின்றன என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒன்றாம் வகுப்பு வரிசையில் ஐந்து இடம் காலியாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் கேட்டம்மா அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடிதங்கள் தன் கையெழுத்து என்பதையும் சொன்னாள். பெரிய டீச்சர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“இதை நான் கேட்டதா வெச்சுக்கிட்டா என்ன ஆகும் தெரியுமா? லெட்டரெல்லாம் பொய்னு ஆகும். அத்தனை நாளும் ஆப்சென்ட் ஆகும். இருபது எப்பவோ தாண்டியாச்சு. அந்தக் குழந்தை இன்னைக்கே வெளியில. நீங்களும்தான்.”

“அப்போ என்ன பண்றதும்மா?”

“சொல்லாதீங்க. அவளுக்கு அதுதான் நல்லது.”

மதிய இடைவேளையில் கேட்டம்மா பட்டாணியின் வீட்டுக்கு நடந்தாள். ஒற்றை அறை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டாணி அவள் தூக்கம் கலையாதபடி சத்தமில்லாமல், பாட்டில் மூடிகளை வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் வைத்து விளையாடுகிறாளாம். மூடிகள் எல்லாம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டனவாம்.

“நாளைக்கு வந்துடு கண்ணு. லேட்டானாலும் பரவால்ல.”

“எனக்குக் காய்ச்சல்” என்றாள் பட்டாணி.

கேட்டம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “இப்பவா? சுடலையே.”

“இப்ப இல்ல. நாளைக்கு.”

பேச்சுச் சத்தத்தில் அம்மா விழித்தாள். எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாங்கக்கா” என்றாள். பள்ளிக்கூடம் என்றாலே அழுகிறாள், மற்றபடி சமர்த்தாக இருக்கிறாள் என்றாள். கேட்டம்மா, நடந்தது தப்பு, இனி தினமும் அனுப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். தினமும் அனுப்பினால் தினமும் லேட். மூன்று நாளுக்கு ஒரு ஆப்சென்ட். ஒன்பது ஏற்கெனவே இருக்கிறது. 

“வந்ததுதான் வந்தீங்க, அடுத்த வாரத்துக்கும் லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா. வாசல்ல நின்னு கேக்க ஒரு மாதிரியா இருக்கு.”

அம்மா பட்டாணியின் பள்ளி நோட்டை எடுத்து வந்தாள். முக்கால்வாசிக்கு மேல் எழுதாத தாள்கள். நடுவிலிருந்து இரண்டைக் கவனமாகக் கிழித்து நீட்டினாள். கேட்டம்மா தரையில் உட்கார்ந்து, மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு என்று எழுதத் தொடங்கினாள். பட்டாணி அருகில் வந்து குனிந்து, அந்த எழுத்துகளைப் பார்த்தாள். “இது என்ன எழுத்து?” என்று ஒன்றைத் தொட்டுக் கேட்டாள். கேட்டம்மா சொன்னாள். அவள் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, மூடிகளிடம் போய்விட்டாள்.