கட்டிங் வழியாகப் போகிற அக்கா

நாகஜோதியக்கா சைக்கிளை எடுப்பதற்கு முன்னால் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வேஸ்ட் துணி மூட்டைகள் அடுக்கியிருக்கும். வாய் பிரிந்த மூட்டையாகப் பார்த்துக் கையை விட்டு ஒரு நீளத் துண்டை உருவுவார். கலர் துணி வந்தால் திரும்ப உள்ளே திணித்துவிட்டு வெள்ளை வரும்வரை தேடுவார். வந்ததும் இரண்டு கையாலும் இழுப்பார். பனியன் துணியை இழுத்தால் ஓரம் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். பிறகு வலது காலைப் பெடல்மேல் தூக்கி வைத்து, சேலைக் கரையைக் கணுக்காலோடு சேர்த்து இரண்டு சுற்று சுற்றித் தளர்வாக ஒரு முடிச்சு. அவருடைய பழைய லேடீஸ் சைக்கிளுக்குச் செயின் கவர் கிடையாது.

சாம்பிள் செக்‌ஷன் ஜன்னலிலிருந்து நான் இதைத் தினமும் பார்ப்பேன். கிரீஸ் படுகிற இடத்துக்கு யாராவது வெள்ளைத் துணி எடுப்பார்களா? கறுப்போ நேவி ப்ளூவோ எடுத்தால் அழுக்குத் தெரியாதே. கேட்டிருக்கலாம். நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். மழை ஏமாற்றிய ஒரு வருடம் புருஷன் முனீஸோடும் கைப்பிள்ளையோடும் திருப்பூர் பஸ் ஏறியவர். முனீஸ் அண்ணன் வேறொரு கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். அக்கா முதலிபாளையத்தில் எங்கள் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஓட்டை, கறை, நூல் தொங்கல் பார்க்கிற வேலை. சைக்கிள் பழகியதே இங்கே வந்து முப்பது வயதுக்கு மேல்தான். "எங்கூர்ல பொம்பள சைக்கிள் ஓட்டுனா நாயெல்லாம் ஒண்ணுகூடி வெரட்டும் தம்பி. இங்க நாய்க்கும் ஷிப்ட்டு இருக்கு, நேரமில்ல" என்பார்.

எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற கம்பெனியில் அக்கா மட்டும் ஒரு ஷிப்ட் முடிந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார். அதுவே பலர் கண்ணை உறுத்தியது. அதோடு, வீட்டுக்குப் போகிற மெயின் ரோட்டை விட்டு நேர் எதிர்த் திசையில் வண்டியைத் திருப்பினார்.

முதலில் பிடித்துக் கேட்டது வாட்ச்மேன் அய்யாசாமி. அறுபது வயதுக்காரர். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பண்ணையம் பார்த்தவர். யார் டிபன் பாக்ஸையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார்.

"ஏனம்மிணி, ஊட்டுக்குப் போற ரோடு கெழக்க இருக்குது, வண்டி மேக்க போகுது?"

"கட்டிங் வழியாப் போறேண்ணே."

"எந்தக் கட்டிங்குக்கு?"

"கட்டிங்குதான். அங்கிட்டுக் காத்து நல்லா வருது."

அந்த ஒரு சொல்தான் எல்லா வினையையும் இழுத்து வந்தது. ரயில் போவதற்காக மேட்டைப் பிளந்த இடத்துக்கு அக்காவின் ஊரில் கட்டிங் என்று பெயர். இங்கே பாறைக்குழிகளுக்கு நடுவே, கல் லாரி போவதற்காகப் பாறையைப் பிளந்து போட்ட ரோட்டையும் அவர் அப்படியே சொன்னார். திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு இரண்டே அர்த்தம். ஒன்று, துணி வெட்டுகிற செக்‌ஷன். மற்றது, குவார்ட்டர் பாட்டிலில் பாதி.

மறுநாள் டீ டயத்தில் கட்டிங் மாஸ்டர் ராபின் ஆரம்பித்தான். "எக்கா, தெனமும் கட்டிங்குக்குப் போறீகளாமே. எனக்கும் ஒண்ணு வாங்கியாங்க."

"ஒனக்கு வாங்க சைக்கிள் பத்தாதுடா. டேங்கர் லாரிதான் கொண்டாரணும்" என்றார் அக்கா. செக்கிங் டேபிள் முழுக்கச் சிரித்தது.

சிரிப்பு ஒரு வாரம்தான். அந்தச் சமயத்தில் எங்களுக்கு வந்திருந்த புது ஸ்டைல் ஒன்று, தோளில் சாய்வாக ஒட்டுப்போட்ட குழந்தைகள் பனியன், வேறொரு கம்பெனி டேபிளிலும் கிடந்ததாகச் செய்தி வந்தது. அளவு மாறாமல் அதே ஸ்டைல். யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். ஆளைக் கண்டுபிடித்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்புவேன், வேறு எந்தக் கம்பெனியிலும் சேரவிடமாட்டேன் என்று செக்‌ஷன் செக்‌ஷனாக வந்து சொன்னார். அய்யாசாமி தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: ஒரு பொம்பளை தினமும் துணியைக் காலில் கட்டிக்கொண்டு வெளியே போகிறாள். கேட்டால் கட்டிங்குக்கு என்கிறாள்.

முதலாளி ஆத்தப்பன் என்னைக் கூப்பிட்டார். பருத்திக் காட்டை விற்று இருபது மிஷினில் ஆரம்பித்தவர். மேஜையில் எப்போதும் ஒரு சொம்பு மோர் இருக்கும்.

"ஏங்கண்ணு, உங்கிட்ட சைக்கிள் இருக்குதல்ல?"

"இருக்குதுங்க."

"அந்தப் பொம்பள எங்க போகுது, ஆரப் பாக்குதுன்னு ஒரு நாள் பொறத்தாலயே போய்ப் பாத்துட்டு வா. நீ பேசாத ஆளு. அதான் உன்னையச் சொல்றேன்." பிறகு என் சட்டைப் பையில் மடித்திருந்த கவிதைப் பத்திரிகையைக் கண்ணால் காட்டினார். "அதென்ன, எந்நேரமும் வெச்சுட்டுத் திரியறே?"

"கவிதைங்க."

"ம்" என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு மின்கம்பம் இடைவெளி விட்டு அவர் பின்னால் போனேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் சுவர் முடிந்ததும் தார் ரோடு மண் ரோடானது. வேலிக்காத்தான் புதர், ஒரு பழைய எடை மேடை, அப்புறம் ஏற்றம். அக்கா இறங்கித் தள்ளினார். நானும் இறங்கினேன். ஏற்றத்தின் உச்சியில் பூமி இரண்டாகப் பிளந்தது.

ஏழெட்டு வருடமாகத் திருப்பூரில் இருக்கிறேன், இப்படி ஒரு இடம் இங்கே இருப்பது தெரியாது. இரண்டு பக்கமும் நான்கு ஆள் உயரத்துக்குச் செங்குத்தான பாறைச் சுவர். வெடி வைக்கத் துளை போட்ட தடங்கள் மேலிருந்து கீழாக, சீப்பால் வாரியது மாதிரி. நடுவே சரிந்து சரிந்து வளைகிற ரோடு. உள்ளே நுழைந்ததும் ஊரின் சத்தம் சுவிட்சை அணைத்தது போல நின்றது. மிஷின் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. பாறை இடுக்கில் மாடப்புறா குனுகுவதும் என் சைக்கிள் பல்சக்கரத்தின் கிடுகிடுப்பும் மட்டும். எனக்கு முன்னால் அக்கா காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, மிதிக்காமலே போய்க்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பு காற்றில் முழுசாக விரிந்திருந்தது. அவரைச் செக்கிங் டேபிளில் குனிந்தே பார்த்தவன் நான்.

வளைவு தாண்டினால் சுவர் ஒரு பக்கம் தாழ்ந்து பெரிய பாறைக்குழி ஒன்று திறந்தது. அடியில் தண்ணீர். மாலை வெயிலில் அது மெரூன் நிறத்தில் கிடந்தது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. சாயப்பட்டறைகளுக்குக் கெடுபிடி இருந்த வருடங்கள் அவை. ஆற்றில் விட முடியாததை டேங்கர் லாரியில் கொண்டுவந்து எங்கேயாவது கொட்டிவிட்டுப் போவார்கள். எந்த லாரி, யாருடைய லாரி என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

அக்கா வண்டியைச் சாய்த்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கல் உடைப்பவர்கள் வெட்டிய படிகளில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தார். கீழே யாராவது காத்திருக்கிறார்களா? கை மாற்றுவது இங்கேதானா? பாறையோடு ஒட்டி நின்றேன். எந்தக் குரலும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தனியாகவே ஏறி வந்தார். காலில் கட்டு இல்லை. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார்.

"செயின் கழண்டுருச்சா தம்பி?" என்றார், நான் நின்ற பாறையைப் பார்த்து.

"இல்லீங்கக்கா... சும்மா..."

"மொதலாளி அனுப்புனாரா?"

நான் குனிந்து, கழலாத செயினைத் தொட்டுப் பார்த்தேன். அதுவே பதில் ஆகிவிட்டது.

"அனுப்பட்டும். வந்ததுதான் வந்தீக, மிச்ச எறக்கத்தையும் எறங்கிட்டுப் போங்க. பிரேக்கத் தொடப்படாது. பயந்தா மணியடிங்க, பாற உங்களுக்குத் தொணையாத் திரும்ப அடிக்கும்."

மணியடித்தேன். பாறை அடித்தது. பிரேக்கைத் தொடாமலே அடிவரை இறங்கினேன். கீழே நின்று மூச்சு வாங்கும்போது கேட்டேன், "தெனமும் இதுக்குத்தானா வர்றீங்க?"

"சும்மாதான் தம்பி. நாள் முழுக்க நின்ன காலு. ஒரு எறக்கம் மிதிக்காம போனா என்ன கொள்ள போச்சு?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் கண்டதைச் சொன்னேன். வேறு கம்பெனி எதுவும் இல்லை. குழிக்குள் இறங்கி ஏறினார், யாரையும் பார்க்கவில்லை. பாறைக்குழி ரோட்டில் இறக்கம் நன்றாக இருக்கிறது, அதற்காகப் போகிறார்.

"சும்மாவா?" என்றார் முதலாளி. "ஏங்கண்ணு, சும்மா ஆராச்சும் ஒன்றரை ஷிப்ட்ட உட்டுப்போட்டு ஊரச் சுத்திட்டு ஊட்டுக்குப் போவாங்களா? நீயும் அதுங்கூடச் சேர்ந்துட்டயா?"

அதற்கடுத்த நாள் அக்காவைக் கூப்பிட்டார். என்னையும் நிற்கச் சொன்னார். வேலை போகப்போகிறது என்று செக்கிங் டேபிளில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்கா தன் சாப்பாட்டுப் பையைக் கையோடு எடுத்து வந்திருந்தார்.

"ஏனம்மா, கட்டிங்குல உனக்கு என்ன சோலி?"

"காத்து வாங்கப் போறேன் மொதலாளி."

"காத்து இங்க வராதா? ஃபேன் போட்டுருக்குது."

"இது காசுக்கு வார காத்து மொதலாளி. அது சும்மா வாரது."

முதலாளி முகம் சிவந்தது. "துணி எதுக்குக் கொண்டுபோறே?"

"சேல செயின்ல மாட்டாம இருக்க."

"அந்தக் குழிக்குள்ள எறங்கி என்ன பண்றே? பையன் பாத்திருக்கறான்."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. முதலாளியைத்தான் நேராகப் பார்த்தார். "தண்ணியப் பாக்கேன். நெறம் மாறிக்கிட்டே இருக்குல்ல. போன மாசம் பாட்டில் கிரீனு. பெறகு நேவி ப்ளூ. இந்த வாரம் மெரூனு. எங்க செக்கிங் டேபிளுக்கு அந்த நெறத் துணி வாரதுக்கு ரெண்டு நாளு முந்தியே அங்கிட்டு வந்துருது மொதலாளி."

முதலாளி மோர்ச் சொம்பை எடுத்தார். குடிக்காமலே திரும்ப வைத்தார்.

"செரி, போ சாமி. போய் வேலையப் பாரு" என்றார்.

அவ்வளவுதான். வேலை போகவில்லை. சாயங்காலம் அய்யாசாமி அக்காவை நிறுத்தவில்லை. பிறகு எப்போதும் நிறுத்தவில்லை. கம்பெனியில் அது இன்னும் பெரிய சந்தேகமானது. "உள்ள போயி என்னத்தடா சொல்லிருக்கும்? மொதலாளி ஊட்டு ரகசியம் எதையாச்சும் புடிச்சு வெச்சிருக்குமோ?" என்று ராபின் என்னைத் துருவினான். எனக்கும் புரியவில்லை. ஊரில் எல்லாப் பட்டறையும்தான் மெரூன் ஓட்டியது. கோபமாக உட்கார்ந்திருந்த ஒருவர் தண்ணீரின் நிறத்தைக் கேட்டதும் ஏன் அடங்கினார்? அக்கா சிரிக்கும்போதெல்லாம் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. அந்த ஸ்டைல் விஷயம் ஒரு மாதத்தில் தானாகவே தெளிந்தது. ஆர்டர் கொடுக்கிற பையர்தான் விலை கேட்பதற்காக ஒரே சாம்பிளை மூன்று கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறார். யாரும் திருடவில்லை. முதலாளி அதைச் செக்‌ஷன் செக்‌ஷனாக வந்து சொல்லவில்லை.

கார்த்திகை வாக்கில் ஜன்னலிலிருந்து ஒன்று கவனித்தேன். அக்கா மூட்டைக்குள் கையை விட்டார். மஞ்சள் துணி வந்தது. திரும்பத் திணிக்காமல் அதையே காலில் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் சிவப்பு. அதற்கப்புறம் அவர் வெள்ளையைத் தேடி நான் பார்க்கவில்லை. போவது மட்டும் அதே கட்டிங் வழியாகத்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ரூமில் ஆள் இல்லை என்று என் சைக்கிளை அக்கா வீட்டில் விடப் போனேன். பாறைக்குழிக்கு மறுபக்கம், கட்டிங் ரோடும் மெயின் ரோடும் சுற்றி வந்து சேர்கிற இடத்தில், ஒரு தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகள். நடுவே ஒரு கிணறு. அக்கா வீட்டு ஜன்னல் கம்பிகளில் பனியன் துண்டுகள் ஜோடி ஜோடியாக முடிந்திருந்தன. வெளிறிய பச்சை இரண்டு, நீலம் இரண்டு, மெரூன் இரண்டு.

நான் பார்ப்பதை அக்கா பார்த்தார். "ஒண்ணு குழியில முக்குனது, ஒண்ணு எங்க கெணத்துல முக்குனது" என்றார். "மக யூனிஃபார்ம் சட்டய அலசுனா ரோஸ் அடிச்சுச்சு தம்பி. பள்ளிக்கூடத்துல, ஒங்கம்மா சாயம் போற துணியோட போட்டுத் தொவைக்கான்னு எந்திரிச்சு நிக்க வெச்சுட்டாக. அதான் பாத்தேன். மொதல்ல சும்மாதான் அங்கிட்டுப் போனேன். அது பொய்யில்ல."

கொடியில் அந்தச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. தோள்பட்டையில் மட்டும் கொஞ்சம் ரோஸ் மிச்சம். மற்ற இடமெல்லாம் வெள்ளை திரும்பியிருந்தது. குழிக்கு லாரி வருவது நின்று இரண்டு மாதமாகிவிட்டது என்றார். வேறு எந்தக் குழிக்குப் போனதோ, அது அவருக்கும் தெரியவில்லை.

யார் லாரி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கம்பெனியை விட்ட பிறகு ஒரு நாள், அவிநாசிபாளையம் பஸ் ஸ்டாப்பில் அய்யாசாமியைப் பார்த்தேன். அவரும் வேலையை விட்டு நின்றுவிட்டாராம். அவராகவேதான் பேச்சை எடுத்தார். அந்தப் பாறைக்குழி முதலாளியின் அம்மா பெரியாத்தாள் பெயரில் இருக்கிற பூமி. லாரி முதலாளியின் மச்சான் பட்டறையிலிருந்து வந்தது. எங்கள் துணிக்குச் சாயம் போட்டதும் அதே பட்டறை. அந்தப் பூமியில் ஒரு காலத்தில் ஏர் ஓட்டியவர் அய்யாசாமி. துணி கொண்டுபோகிறாள் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னவரும் அவர்தான். அக்கா முதலாளி அறைக்குள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கேட்டில் நிறுத்தி, அது யார் குழி, யார் லாரி என்று அக்காவின் காதில் போட்டவரும் அவரேதான்.