ஒரு மணி குறைந்த மிளகுக் கொத்து

என் சமையலறையில் மிளகு வைக்கும் டப்பாவின் மேல் ஒரு பழைய துணி லேபிளை ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு மிளகுக் கொத்து, இரண்டு இலை, அடியில் 'இந்தியாவில் விளைந்தது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கொத்தின் நடுவில் ஒரு மணி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பார்க்கிறவர்கள் அச்சுக்காரன் கோட்டை விட்டான் என்பார்கள். நான் மறுத்ததில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம் தி.நகரில் மிளகு ஏற்றுமதி வியாபாரிகள் சங்கத்தில் படம் வரைய என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அதுவரை நம் மிளகு வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயரில்தான் உலகம் சுற்றியது. இனி எந்த வியாபாரி அனுப்பினாலும் மூட்டையில் ஒரே லேபிள், அதில் நம் தேசத்தின் பெயர். அது தேறினால் என் வேலை நிரந்தரம். அப்பா போன பிறகு மயிலாப்பூர் வாடகை வீட்டில் அம்மாவும் நானும் அதைத்தான் நம்பியிருந்தோம்.

மகாலட்சுமிதான் வேண்டும் என்றார் சங்கத் தலைவர். தாமரையும் மிளகுக்கொடியுமாக வரைந்தேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அங்கேதான் வினை. லேபிள் தைத்த முதல் மூட்டை கமிட்டிக் கூட்டத்தன்று வாசற்படியில் வந்து இறங்கியது. அதை உள்ளே இழுக்கச் சொன்னால் மூட்டைக்காரர் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இன்னா சார், மகாலட்சுமி மேல கொக்கி போடச் சொல்றியா? நம்மால ஆவாது."

தாண்டி வரலாமென்று தலைவர் காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் கமிட்டி முழுவதும் வெயிலில் நின்றது. உள்ளே காபி ஆறியது. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே. "இந்தப் பொண்ணு சரிப்படாது. வேற ஆளைப் பாருங்க" என்றார்.

டைப்பிஸ்ட் அக்கா எழுந்து வந்தார். சாந்தோம்காரர், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். இதில் அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை; ஆனாலும் திறந்தார். "சார், லட்சுமி வேணும்னு கேட்டது நாமதானே? படம் மாறட்டும், வரைஞ்ச கை எதுக்கு மாறணும்?"

தலைவர் மூட்டையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார், லேபிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரிம்மா, ஒரு வாரம்."

மிளகுக் கொத்தை மட்டும் வரையலாம் என்று முடிவாயிற்று. ஆனால் மாதிரிக்குக் கொத்து? அம்மா பச்சை மிளகைக் கொத்தோடு உப்புநீரில் ஊறப்போட்டிருந்த ஜாடியிலிருந்து ஒரு கொத்தைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து வரைந்தேன். மதியம் அக்கா தயிர்சாதத்தோடு வந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் அவர் கை நீண்டது, நடுவிலிருந்து ஒரு மணியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

"ஐயோ அக்கா!"

"ஒண்ணுதானே பாப்பா. அதை நீயே நினைச்சு வரைஞ்சுடேன்."

நான் வரையவில்லை. லேபிள் தேறியது, வேலையும் நிரந்தரமாயிற்று. அந்தச் சம்பளத்தில்தான் அம்மா கடைசிவரை யார் கையையும் எதிர்பாராமல் இருந்தாள்.

அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ரசத்துக்கு மிளகு எடுக்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் தானாக அந்தக் காலி இடத்தைத் தொடும். என் அக்கா சாப்பிட்ட மிளகு அது.