பாய்க்கு அந்தப் பக்கம்

இந்தப் பேச்சை எடுத்தாலே என் மனைவி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

நானும் என் மைத்துனனும் பழைய மரப் படகு ஒன்றை வாங்கியிருந்தோம். இரண்டு பேர் ஓட்டும் பந்தயப் பாய்ப்படகு. மறுநாள் காலை ஏரியில் போட்டி. பின்னால் அவன், முன்னால் என் பதினான்கு வயது மகள். அதற்குள் பாய்மரத்தின் கம்பிகளைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கம்பிகள் மூன்று. பக்கத்துக்கு ஒன்று, முன்னால் ஒன்று. முன்கம்பியை இறுக்க ஒற்றை ஆளால் ஆகாது. முன்முனையில் கட்டி, மரத்தின் உச்சி வழியாகப் பின்னால் இறங்கும் கயிற்றை ஒருவர் பின்னால் நின்று இழுக்க, மரம் முன்னே சாயும். அந்த நொடியில் மற்றவர் முனையில் குனிந்து, கம்பியை அடுத்த துளைக்கு இறக்கி ஆணி செருக வேண்டும்.

சனிக்கிழமை மாலை. படகுக் கொட்டகையில் நான் மட்டும். 5.40க்குக் கதவு கிரீச்சிட்டது. காலடிகள் பின்பக்கம் போய் நின்றன. நடுவே பெரிய பாய் தொங்கியதால் ஆள் தெரியவில்லை.

"வந்துட்டியா மாப்ள?"

பதில் இல்லை. காலையில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். முறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

"இழு."

அளந்து வைத்தாற்போல் ஓர் இழுப்பு. ஆணி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பக்கக் கம்பியைச் சுண்டிப் பார்த்தேன். டொய்ங்... இன்னும் தொளதொளப்பு.

இரண்டாவது துளை. மூன்றாவது. டிங்... இரண்டு பக்கமும் ஒரே சுதி.

"போதும்."

கயிறு தளரவில்லை.

"போதும்டா! பழைய பலகை, பொளந்துடப் போவுது."

கயிறு இன்னும் இறுகியது. அடிப்பலகை முனகியது. கிர்ர்ர்க்...

5.52. என் போன் அடித்தது. மைத்துனன்.

"மாமா, இன்னும் கோவமா? வண்டி பஞ்சர். வர ஆறரை ஆயிடும். தனியா வீரம் காட்டாதீங்க."

போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

பாயை விலக்கினேன்.

யாருமில்லை.

கயிறு மட்டும் விறைத்து நின்றது... எதிலும் கட்டப்படாமல்.

பிறகு மெல்லத் தளர்ந்தது, யாரோ பிடித்து விடுவதுபோல்.

கை மாற்றி...

கை மாற்றி...

6.10க்கு, தெருவில் நின்றுகொண்டு, படகை விற்றவரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"என் வீட்டுக்காரிதான் எப்பவும் பின்னாடி நின்னு இழுப்பா. அன்னிக்கு இன்னொரு துளை போலாம்னு சொன்னா. போதும் போதும்னு நிறுத்தினது நான். நான் முன்னாடி, அவ பின்னாடி உக்காந்து போனோம். நடு ஏரியில முன்கம்பி கழண்டு, பாய்மரம் அவ தலையில விழுந்துச்சு."

என்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"நாளைக்கு என் பொண்ணு முன்னாடி உக்காரலாமா?"



"வேணாங்க. முன்னாடி யாரு உக்காந்தாலும் அது நான்தான்னு அவ நினைச்சுக்கறா... என் தம்பி உயிர் போனது அப்படித்தான்."