பொன்னுவேல் ஏற்றுக்கொண்ட கேஸ்

செம்மநத்தம் பொன்னுவேல் எனக்கு இரண்டு வழியில் மச்சான். என் அப்பாவோடு கூடப்பிறந்த பொன்னாயி அத்தையின் மகன் அவர். அவர் கட்டிய பாவாயி என் பெரியப்பன் மகள். அதனால் அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் மேனகா, எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் எனக்கு மருமகள் முறைதான்.

மேனகா சேலத்தில் நர்ஸ் படிப்பு படித்தவள். சரவணன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு நியூசிலாந்துக்குப் போய் ஒன்பது வருசம் ஆகிறது. மகள் சக்தி அங்கேயே பிறந்தவள். பாவாயி செத்தபோது கொரோனா. விமானம் ஓடவில்லை, பெற்றவள் முகத்தைப் பார்க்க அவளால் வர முடியவில்லை. போன ஆடியில் போன் பண்ணினாள். தலைக்குள் கட்டி, கார்த்திகையில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருக்கிறார்கள், அதுவரை விமானம் ஏறவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அப்பா, நீங்க வந்து பக்கத்துல உக்காந்திருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். அம்மாதான் இல்ல, நீங்களாச்சும் இருங்க" என்றாளாம்.

பழனியைத் தாண்டி எங்கும் போகாத மனுசன் அவர். மகள் நச்சரித்து இரண்டு வருசத்துக்கு முன்னமே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். விசா கேட்டு எழுத வேண்டும். ஏற்காட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கவியா என்ற பெண்ணிடம் போனோம். நானும் கூடப் போனேன். பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லிக் கேட்டது.

"ஏனுங்க தாத்தா, காசநோய் ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?"

"எனக்கு நோயே பாவாயி சமையல்தான் கண்ணு. அதுவும் போய் மூணு வருசமாச்சு."

"கோர்ட்ல எப்பவாச்சும் தண்டன குடுத்திருக்காங்களா? ஜெயில்ல இருந்திருக்கீங்களா?"

"ஏங் கண்ணு, என்னயப் பாத்தா ஜெயிலுக்குப் போன மூஞ்சியாட்டமா இருக்குது?"

அது சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று அழுத்திவிட்டது. நானும் சிரித்தேன்.

கைரேகை கொடுக்க என் மகன் லோகேஷ் தன் டாக்ஸியிலேயே சென்னைக்குக் கூட்டிப்போய் வந்தான். வந்த கையோடு மச்சான் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினார். அங்கே குளிருமா என்று மகளிடம் கேட்டார். இப்போது வெயில் காலம் வரப்போகிறது அப்பா என்றாள். "நம்ம ஏற்காட்டு வெயிலாட்டமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். விசாவுக்குக் காத்திருந்த அந்த மூன்று வாரமும் அவர் சிரித்தபடிதான் இருந்தார்.

பிறகு அந்த நாட்டுக்காரர்கள் போலீஸ் சர்டிபிகேட் கேட்டார்கள். எழுதிப்போட்டு வாங்கினோம். கவியா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"தாத்தா, தொண்ணூத்தாறுல உங்க மேல கேஸ் இருந்திருக்குதுங்க. காட்டு மிருகம் கொன்னதா. கோர்ட் கலையற வரைக்கும் சிறைன்னு தீர்ப்பு, அபராதமும் போட்டிருக்காங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அது ஊர் கேஸு கண்ணு" என்றார் அவர். "என்ர கேஸு இல்ல."

அவர் சொன்னது பொய் இல்லை. எங்கள் பக்கம் பொங்கல் கழித்து ஆண்கள் கூடி வேட்டைக்குப் போவது வழக்கம். அந்த வருசம் ஏழு பேர் போனோம். பன்றி விழுந்தது என் காட்டில். கண்ணியும் என்னுடையது. கறியைக் கூறு போட்டுக்கொண்டிருக்கும்போது பாரஸ்ட்காரர்களிடம் பிடிபட்டோம். அப்படி ஆகிவிட்டால் ஊர் கூடிப் பேசும். ஒருத்தன் மட்டும் 'நான்தான் செய்தேன்' என்று ஒத்துக்கொள்வான், மற்றவர் பெயர் வராது. அபராதத்தை ஊர் கட்டும், அவன் காட்டு வேலையை ஊர் செய்யும். அந்த கேஸ் ஊருடையது. ஒத்துக்கொண்டவனை யாரும் குற்றவாளி என்று நினைப்பதில்லை, அவனும் நினைப்பதில்லை.

நியாயமாக நான்தான் போயிருக்க வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரி அப்போது மாசமாக இருந்தாள். மாசமாயிருக்கிறவள் புருசன் கோர்ட் படி ஏறக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பொன்னுவேல் மச்சான் வெற்றிலையை மென்றபடி, "எம் பொண்ணுக்கு ஆறு வயசாச்சு, நா போறேன் உடுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பங்குனியில் சேலம் கோர்ட்டுக்கு அவரோடு நானும் போனேன், படி ஏறாமல் வாசலிலேயே நின்றுகொண்டேன். குற்றத்தை ஒத்துக்கொண்டார். கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தூக்கம்கூடப் போட்டாராம். அவர் வெளியே வந்ததும் ஆளுக்கு நாலு பரோட்டா தின்றோம், மேனகாவுக்கு ஒரு ரிப்பன் வாங்கினோம், பஸ் ஏறி வந்தோம். அதற்குப் பெயர் ஜெயில் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அந்த வாரமே லோகேஷ் பிறந்தான்.

கவியா பாவம், இராப்பகலாக உட்கார்ந்து இதையெல்லாம் இங்கிலீஷில் கடிதமாக எழுதி அனுப்பியது. பதினோராம் நாள் பதில் வந்தது. விசா இல்லை.

"இது சின்ன கேஸுதானுங்க. மொதல்லயே சொல்லியிருந்தா உட்டிருந்தாலும் உட்டிருப்பாங்க. கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லிட்டோமில்லீங்களா, அத மறைச்சதா எடுத்துக்கிட்டாங்க" என்றது. அழுதது. "நாந்தானுங்க இன்னொருக்கா தெளிவா கேட்டிருக்கணும்."

"நீ என்ன கண்ணு பண்ணுவே" என்று அதன் தலையைத் தொட்டுவிட்டு மச்சான் இறங்கி நடந்தார்.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நாலு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். களத்தில் காப்பிப் பழத்தைத் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், வக்கீலு ஒருத்தரப் பாத்து உண்மையச் சொல்லீரலாமுங்க. கண்ணி என்னுதுன்னு நானே எழுதிக் குடுத்தர்றேன்."

"அப்ப கோர்ட்டுல பொய் சொன்னேன்னு இன்னொரு கேஸு வருமே, அதுக்கு யாரு போறது? லோகேஷ அனுப்பலாமா?" என்று கேலி செய்தார்.

நான் அழுதுவிட்டேன். அவர் துழாவுவதை நிறுத்தினார்.

"இந்தா மாப்ள. இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் உனக்காகப் போனேன்னு நா நெனச்சிருந்தன்னா, அந்தப் பொண்ணு கேட்டப்ப டக்குனு ஞாபகம் வந்திருக்கும். நெனக்கவே இல்ல. அதான் வரல. நீயும் இப்ப நெனச்சுக் கெடுத்தராத."

ஆபரேஷன் முடிந்து மேனகா கண் திறக்கவில்லை. சரவணன் போனை அவள் காதோரம் வைத்து, பேசுங்க மாமா என்றார். எங்கள் ஊரில் மலை ரோட்டின் மேல்வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே கல்லில் உட்கார்ந்து மச்சான் பேசினார். காப்பி பழுத்துவிட்டது, உங்கம்மா வைத்த பலா இந்த வருசம் பதினாறு காய், இப்படியே சொல்லிக்கொண்டு போனார். கடைசியில், "விசா வந்திருச்சு சாமி. அப்பா பொறப்பட்டுட்டேன். நொம்ப தூரமில்ல, வந்திருவேன்" என்றார். கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

நாலாம் நாள் அவள் போய்விட்டாள்.

அங்கேயே எரித்தார்கள். அங்கே மதியம் இரண்டு மணி, இங்கே காலை ஆறரை. மேல்வளைவில் உறவுமுறை முப்பது பேர் நின்றோம். லோகேஷ் போனைப் பிடித்திருந்தான், மச்சானும் நானும் அவனுக்கு இரண்டு பக்கமும். பனி இன்னும் விலகவில்லை. குப்பனூர்ப் பக்கமிருந்து சுற்றிப்பார்க்க வந்த கார் ஒன்று நின்று, எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகப் போனது. போனில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள், எல்லாரும் செருப்பு ஷூவோடு. பெட்டி உள்ளே போனது. கதவு சாத்தினார்கள். படம் நின்றுவிட்டது.

பெண்கள் ஒப்பாரி எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இழவு வீடு எது என்றே அவர்களுக்கு விளங்கவில்லை.

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்குக் கண்ணு செரியாத் தெரியல மாப்ள. நம்ம சக்தி நின்னாளே, பேத்தி, அவ யாரு கையப் புடிச்சிட்டு நின்னா? பாத்தயா?"

நான் நன்றாகப் பார்த்தேன். நாலு வயசுப் பிள்ளை. ஒரு தூணோரம் தனியாக நின்றது. ஒருவர் கையையும் பிடித்திருக்கவில்லை.

"அவங்கப்பன் கையத்தானுங்க" என்றேன்.