எங்கள் வீட்டு உப்புமூட்டை

என் நாத்தனாரை நான் கொல்லப் பார்த்தேன். கத்தியெல்லாம் எடுக்கவில்லை. உப்பு டப்பாவை எடுத்துத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன், அவ்வளவுதான். நல்லதற்குத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அவரைவிடப் பதினொரு வயது சின்னவள். குழந்தையில் தரையில் கால் வைக்கவே மாட்டாளாம். அண்ணன் முதுகில் ஏறிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவாளாம். அதனால் அவர் வைத்த பெயர் உப்புமூட்டை. முப்பத்தைந்து வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "உங்க ரெண்டு பேரையும் பார்த்த பிறகுமா?" என்பாள். வாய் அப்படி. எனக்குக் கொஞ்சமும் குறையாத வாய். நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பித்தால் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது என் வீட்டுக்காரர்தான். அவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் அடித்துவிட்டு வருவதால் வீட்டில் சத்தமே போட மாட்டார்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளில் இருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம். ஒரு நாள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போனேன். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அறைந்தது. சூடான உருளைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஈர விரிப்பு ஒரு பக்கம் போய் மறுபக்கம் காகிதம் போல வருகிறது. வருகிற இடத்தில் இவள் நிற்கிறாள். மற்றவர்கள் இரண்டு பேராக ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடிக்கிறார்கள். இவள் தனியாள். நடுவைத் தாடையால் அழுத்தி, உதறி, நாலு மடிப்பு, கடைசி முனையை ஒரு திருகு திருகி உள்ளே செருகல். அந்தச் செருகல் அவள் கையெழுத்து மாதிரி. யார் மடித்தது என்று அங்கே யாரும் கேட்கத் தேவையில்லை.

அப்படிப்பட்டவள் போன வருஷம் கண்ணெதிரே கரைந்தாள்.

முதலில் காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்றாள். பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். சட்டை தோளில் தொங்கியது. உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை டாக்டர் ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிறமும் மாறியது. வெயிலே படாத வேலை, ஆனால் முகம் கறுத்தது, விரல் முட்டியெல்லாம் கறுத்தது.

"ஏண்டி, விரிப்பைத் தேய்க்கறியா, உன்னையே தேய்ச்சுக்கறியா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் விட்டாள் என்பதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சலவைக்கூடத்தில் மூன்று தடவை மயங்கி விழுந்தாள். சூப்பர்வைசர் அம்மா சொன்னாராம்: "நாலாவது தரம் விழறதா இருந்தா வீட்லயே விழுந்துக்கோம்மா. இங்க உருளை ஓடுது."

நான் கவனித்தது உப்பை மட்டும்தான். என் சமையலறையில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. வாரத்துக்கு வாரம் டப்பா காலியானது. ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். உள்ளங்கையில் உப்பைக் கொட்டி, குழந்தை சர்க்கரை நக்குவது போல நக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் ஊறுகாய் ஜாடியைச் சாய்த்து அடியில் கிடந்த தண்ணீரைக் குடித்தாள்.

"என்னடி இது அசிங்கம்?"

"தெரியல அண்ணி. வேணும்னு இருக்கு."

என் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு. உப்பு ஆகாது என்று ஏழு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சமைக்கிறவள் நான். உப்பு என்றால் எனக்குப் பாம்பைப் பார்த்த மாதிரி. இவளுக்கும் கொதிப்பு ஏறியிருக்கும், அதனால்தான் தலை சுற்றுகிறது என்று எனக்கு நானே டாக்டராகி முடிவு கட்டினேன். அதை நிரூபிக்க, அவர் பிரஷர் பார்க்கிற மெஷினை எடுத்து அவள் கையில் கட்டினேன். எண்பத்திரண்டு, ஐம்பது என்று காட்டியது. நூற்றி எழுபது எதிர்பார்த்தவளுக்கு எண்பத்திரண்டு! மெஷினை இரண்டு தட்டுத் தட்டினேன். பேட்டரியை மாற்றினேன். மறுபடி கட்டினேன். எண்பது.

"கெட்டுப்போச்சு சனியன்," என்று மெஷினைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

அது கெட்டுப்போகவில்லை. இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த வீட்டில் அன்றைக்கு உண்மை பேசியது அது ஒன்றுதான்.

உப்பு டப்பாவைப் பூட்டினேன். ஊறுகாய் ஜாடியையும் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். முதல் நாள் கெஞ்சினாள். இரண்டாம் நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் பேசவில்லை. திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். நாலாம் நாள் ஏழு மணியாகியும் படுக்கையில் கிடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னொரு நாள் லேட்டானா வேலை போயிடும்னு தெரியும்ல? உப்பு போட்டுத்தானே சாப்பிடறே? கொஞ்சமாவது ரோஷம் வேணாம்?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எங்க போடறேன்? நீங்கதான் ஒளிச்சு வெச்சிருக்கீங்களே."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது.

ஐந்தாம் நாள் காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். குளியலறையில் வாளி உருளுகிற சத்தம் கேட்டு ஓடினேன். ஈரத்தரையில் கிடந்தாள். கூப்பிட்டேன், உளறினாள். உடம்பு ஜில்லென்று இருந்தது. வீட்டுக்காரர் பஸ்ஸில். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. குனிந்தேன், அவள் இரண்டு கையையும் என் கழுத்தைச் சுற்றிப் போட்டேன், முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தேன். கனமாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்தேன். கனமே இல்லை. அதுதான் எனக்கு முதல் அடி. கடையில் இருந்து தூக்கி வருகிற மாவு மூட்டைகூட இதைவிடக் கனம். இந்தப் பெண்ணுக்கு நான் என்னத்தைப் போட்டு வளர்த்தேன்?

இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் காதோரம் முனகினாள்: "அண்ணா, இறக்கி விடாதே."

அண்ணன் என்று நினைத்துவிட்டாள். "இறக்கலடி," என்றேன். படி தெரியவில்லை எனக்கு, கண்ணில் தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு சின்ன வயசு டாக்டர் அம்மா. என் மகளாக இருக்கலாம், அந்த வயது. பிரஷர் அறுபதுக்கு வந்துவிட்டது என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் உப்பின் அளவு பாதாளத்தில் இருக்கிறது என்றார்கள். ஒரு பாட்டில் ஏறி முடிந்தும் பிரஷர் ஏறவில்லை. டாக்டர் அம்மா அவள் உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பார்த்தார். ரேகை ஒவ்வொன்றும் மையால் கோடு போட்டது போலக் கறுத்திருந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். அங்கேயும் கறுப்புத் திட்டு. என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல உப்பு ரொம்ப கேப்பாங்களாம்மா?"

எனக்குப் பேயறைந்த மாதிரி ஆனது. அது எப்படி இந்தப் பெண்ணுக்குத் தெரியும்? யாராவது சொல்லிவிட்டார்களா? இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

"அள்ளி அள்ளித் தின்பா. அஞ்சு நாளா நான்தான் பூட்டி வெச்சிருக்கேன்."

டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நர்ஸிடம் திரும்பி, "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். ரத்தம் எடுத்து வெச்சுட்டு ஸ்டீராய்டு ஊசியை உடனே போடுங்க. இன்னொரு பாட்டில் மாட்டுங்க," என்றார்.

"பாட்டில்ல என்ன மருந்து டாக்டர்?" என்று கேட்டேன்.

"மருந்து இல்லம்மா. உப்புத் தண்ணி."

சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஒளித்து வைத்ததைத்தான் சொட்டுச் சொட்டாக அவள் நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மதியத்துக்குள் பிரஷர் நூறைத் தொட்டது. டாக்டர் அம்மா வந்து என் பக்கத்தில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு அடிதான்.

"சிறுநீரகம் இருக்கில்லம்மா, அதுக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சின்ன சுரப்பி. விரல் நீளம்கூட வராது. அதுல சுரக்கிற ஹார்மோன்தான் உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்குது. அது வத்திப்போனா உப்பு மூத்திரத்துல போய்க்கிட்டே இருக்கும். பின்னாலேயே தண்ணியும் போயிடும். பிரஷர் விழும். அவங்க ருசிக்காக உப்பு தின்னலம்மா. உயிரைப் பிடிச்சுக்க தின்னிருக்காங்க."

"அந்தச் சுரப்பிக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அடிச்சு நொறுக்கிட்டாங்க."

"யாரு?"

"அவங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள்தான். கிருமி வந்தா விரட்டற காவல்காரங்க."

"காவல்காரன் வீட்டாளையே அடிப்பானா? அடிக்கறதுக்கு முன்னாடி மூஞ்சியைப் பார்க்க மாட்டானா?"

"பார்ப்பாங்க. நம்ம ஆளு யாரு, வெளியாளு யாருன்னு பழகித்தான் வேலைக்கே வர்றாங்க. இங்க எப்படியோ ஆள் மாறிப்போச்சு. ஏன்னு கேட்டா எங்களுக்கே முழுசா தெரியாது." சொட்டுகிற பாட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இதுல கொடுமை என்னன்னா, அதே சுரப்பியில கார்ட்டிசால்னு ஒண்ணு வருது. அதோட வேலைகள்ல ஒண்ணு, இந்தக் காவல்காரங்க எல்லை மீறினா 'போதும், அடங்கு'ன்னு சொல்றது. அடங்குன்னு சொல்ற ஆளையே அடிச்சிட்டாங்க," என்றார்.

"அப்போ கறுத்தது?"

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுல இன்னொரு சுரப்பி இருக்கு. அது 'கார்ட்டிசால் எங்கே'ன்னு ரத்தத்துல ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கும். பதில் வராது. அதனால இன்னும் இன்னும் அனுப்பும். அந்த ஆள் போற வழியில தோலையும் தட்டி எழுப்பிட்டுப் போறான். தோல் நிறம் ஏறுது."

ஒரு வருஷமாக அவள் உடம்புக்குள்ளே ஒருத்தி கத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். வெளியே வந்து தெரிந்த அந்தக் கத்தலைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன்.

சாயங்காலம் அவள் கண் விழித்தாள். என்னைப் பார்க்கவில்லை. விரல் படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தடவியது.

"இது யாரு மடிச்சது? மடிப்பு ரேகையே கோணலா இருக்கு."

அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் சொன்னேன். சுரப்பி, காவல்காரன், பூட்டு, சாவி, ஒன்று விடாமல். கேட்டுக்கொண்டிருந்தவள், "என் உடம்பும் உங்களை மாதிரியேதான் அண்ணி. காப்பாத்தறேன்னு சொல்லி ஆளை முடிக்கப் பாக்குது," என்றாள்.

இனி அவளுக்கு ஆயுசுக்கும் மாத்திரைதான். சுரப்பி தர வேண்டியதை மாத்திரை தரும். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்ன கணக்கில் கூட்டிப் போட வேண்டும், வாந்தி எடுத்தால் ஊசிக்கு ஓட வேண்டும். மயங்கிக் கிடந்தாலும் எடுத்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும்படி நோயின் பெயர் எழுதிய அட்டை பையில் இருக்க வேண்டும். வேலை போகவில்லை. சூப்பர்வைசர் அம்மா அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, அவளை உருளைப் பக்கத்தில் இருந்து அடுக்குகிற மேசைக்கு மாற்றிவிட்டார். "ஒரு மாசம்தான், அப்புறம் என் இடத்தைத் திருப்பி வாங்கிடுவேன்," என்று இவள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நான் உப்பு டப்பாவைச் சாப்பாட்டு மேசை நடுவில் மூடி இல்லாமல் வைத்தேன். வீட்டுக்காரருக்குத் தனிப் பாத்திரம். அவளுக்குச் சமைக்கிறதில் கை தாராளமாகப் போனது. குற்றமுள்ள கை, நிற்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். உள்ளே சுரப்பி செத்துக் கிடக்கிறது, மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். பரண்மேல் கிடந்த மெஷினை இறக்கித் துடைத்து, காலையும் மாலையும் கட்டினேன்.

மூன்றாவது வாரம், ஒரு மதியம். ஒரு வாய் எடுத்து வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி இது, ஒரே கரிப்பு!"

கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. ஓடிப்போய் அவள் தட்டில் இருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீர். நேற்றும் இதே அளவுதான் போட்டேன், நேற்று ருசித்துச் சாப்பிட்டாள். இன்றைக்குக் கரிக்கிறதாம்! அப்படியென்றால் உடம்பு உப்பைக் கெஞ்சுவதை விட்டுவிட்டது, மாத்திரை வேலை செய்கிறது.

"இன்னொரு தரம் சொல்லுடி."

"கரிக்குதுன்னேன். காதும் போச்சா? நீங்களும் உப்பு போட்டுத்தானே சாப்பிடறீங்க? இப்படியா கொட்டுவீங்க?"

இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. டப்பாவின் மூடியைத் தேட உள்ளே போனேன். எங்கே வைத்தேன் என்று ரொம்ப நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை.