பதினெட்டில் கேட்பதாகச் சொன்ன கேள்வி

மாலை ஏழு மணிக்கும் எங்கள் வீட்டு முன்வாசலின் சிமெண்டுத் தரை பகல் வெயிலை விடாமல் வைத்திருக்கும். அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தால் தொடையில் மெல்லச் சுடும், எழுந்து பார்த்தால் தரையின் சொரசொரப்பு தோலில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்தில் நான் அங்கே தனியாகத்தான் இருப்பேன். அப்பா குளித்து, திருநீறு பூசி, மோட்டார் சைக்கிளில் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருப்பார். அம்மாவுக்கு மதிய "ஷிஃப்டு". பத்து மணிக்குத்தான் தொழிற்சாலை பஸ் வந்து இறக்கிவிடும். என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பக்கத்து வீட்டு "மக்சிக்"குடையது. அந்த மலாய் அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருப்பார். சூராவிலிருந்து, தெருக்கோடித் தொழுகைக்கூடத்திலிருந்து, பாங்கு ஒலி எழுந்ததும், "செக்கெஜாப் யா, அடெக்," கொஞ்ச நேரம்தான் குட்டி, என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்கு உள்ளே போய்விடுவார். எதிர்வீட்டுச் சீனத் தாத்தா ஊதுபத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் தெருவைப் பார்த்து நிற்பார். ஊர் முழுக்க யாரோ ஒருவரைப் பார்க்கப் போயிருப்பதுபோல இருக்கும். எனக்கு மட்டும் போக இடமில்லை. மக்சிக்கின் வெள்ளைப் பூனையும் நானும்தான் தெருவில் மிச்சம்.

பெக்கான் நானாஸில் நாங்கள் இருந்தது வரிசை வீடுகள் கொண்ட ஒரு சின்னத் "தாமான்". அப்பா மாரிமுத்து அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அம்மா எஸ்தர். இருவரும் விரும்பித் திருமணம் செய்துகொண்டவர்கள். அவரவர் சாமியை அவரவர் விடாமலே செய்துகொண்டவர்கள். நான் பிறக்கும்வரை அதில் சிக்கல் எதுவும் இல்லையாம். நான் பிறந்ததும் மூவாரிலிருந்து அத்தை வந்து என் நெற்றியில் திருநீறு வைத்தாராம். அம்மா அதைத் துடைத்தாராம். அடுத்த வாரம் அம்மாவின் சபை பாஸ்டர் ஜெபம் பண்ண வந்தபோது அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாராம். மூன்று மாதம் பேசாமல் இருந்து, பிறகு இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கோயிலுக்கும் கிடையாது, சர்ச்சுக்கும் கிடையாது. மலர்விழி என்று எந்தப் பக்கமும் சாயாத பெயர். "பதினெட்டு வயசுல அவகிட்ட கேப்போம். எது உண்மைன்னு அவளே பாத்து சொல்லட்டும்."

நியாயமான ஏற்பாடுதான். அவர்கள் இருவரையும்விட நியாயமான பெற்றோரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்த நியாயத்தின் நடுவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளி மாலை அப்பா போனார், ஞாயிறு காலை அம்மா போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்கு "ஓட்டி" இருக்கும், கூடுதல் நேர வேலை. ஆகவே அன்றைக்கும் அதே வாசல், அதே பூனை. பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போவதை, குடை ஒரு பச்சைப் புள்ளியாகி மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் இதைப் பற்றிச் சண்டை அதிகம் வந்ததில்லை. வந்தால் இப்படித்தான் வரும்.

"எல்லாம் ஒரே சாமிதான் எஸ்தர். பேருதான் வேற," என்பார் அப்பா, சமாதானமாக.

"ஒரே சாமின்னா நீங்க என்கூட சர்ச்சுக்கு வரலாம்லா?"

"நீ கோயிலுக்கு வா, நானும் வரேன்."

"பாத்தீங்களா? அப்ப ஒண்ணு இல்லலா."

அப்பா சிரித்துவிட்டுத் தேநீரை ஆற்றுவார். அம்மா சிரிக்க மாட்டார். அப்பா பெருந்தன்மையாகச் சொன்ன அந்த வார்த்தை அம்மாவைப் புண்படுத்தியது என்பது எனக்கு அப்போதே புரிந்திருந்தது. இயேசு ஒருவரே வழி என்று நம்பியவர் அம்மா. அவரிடம் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது, நீ நம்புவது ஒன்றும் பெரிதில்லை என்று சொல்வதுபோல. பின்னாளில் கல்லூரியில் நண்பர்கள் "எல்லா மதமும் ஒண்ணுதான்" என்று எளிதாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சமையலறை நினைவுக்கு வரும். ஒன்று, மீண்டும் மீண்டும் பிறப்போம் என்றது. இன்னொன்று, ஒரே பிறவி, அதன்பின் தீர்ப்பு என்றது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்பது எட்டு வயதில் எனக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டில் ஒன்று உண்மை என்றால், இன்னொன்றை நம்பியவர் என்ன ஆவார் என்பதுதான் தெரியவில்லை.

அம்மாவின் தங்கை ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே, விசுவாசிகள் எல்லாரும் பரலோகத்தில் ஒன்றாக இருப்பார்கள் என்றார். "அப்பா?" என்று கேட்டேன். சித்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து போய் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கினார். அது ஏற்கனவே இறக்கி வைத்த குழம்பு. அன்றிலிருந்து, எது உண்மை என்ற கேள்வி எனக்கு வேறு கேள்வியாகிவிட்டது: பதினெட்டு வயதில் நான் யாரை விட்டுவிட வேண்டும்?

எனக்குப் பத்து வயதானபோது அம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி, பொந்தியான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா அப்பாவின் கையைப் பிடித்து, "பாஸ்டருக்கு ஒரு போன் போடுங்க. ஜெபம் பண்ணச் சொல்லுங்க," என்றார். அப்பா போட்டார். பாஸ்டர் எங்கோ ஒரு திருமணத்தில் இருந்தார் போலிருக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்பா மறுபடி போட்டார். பிறகு கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, நடைவழியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மலரு, ஒங்கம்மா எப்படி ஜெபம் பண்ணுவா? கைய இப்படி கோத்துக்குவாளா, இல்ல இப்படியா?"

"தெரியாதுப்பா. நான் போனதே இல்லையே."

குறை சொல்லும் எண்ணத்தில் நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் தன் இரு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, அறுவை சிகிச்சை அறையின் மூடிய கதவைப் பார்த்து வெறுங்காலோடு நின்றார். சாமி முன்னால் நிற்க அவருக்குத் தெரிந்த ஒரே முறை அது.

"எஸ்தரோட சாமி," என்றார், மிக மெதுவாக. "நான் எஸ்தரோட வீட்டுக்காரரு. பேரு மாரிமுத்து. பெக்கான் நானாஸ். ஒங்களுக்கு என்னைத் தெரியாது, அவளத் தெரியும். ஞாயித்துக்கெழம தவறாம வருவா. பச்சைக் கொடை வெச்சிருப்பா. முன்னாடி வரிசையிலதான் ஒக்காந்திருப்பா. அவளக் கொஞ்சம் பாத்துக்குங்க. வேற ஒண்ணுமில்ல."

அந்த வழியாகப் போன "மிசி", அதாவது தாதி, "அங்கிள், செலிப்பர் போடுங்க, தரை ஈரமா இருக்கு, வழுக்கிடும்லா," என்று அதட்டினார். அப்பா தலையாட்டினார், போடவில்லை.

நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது நன்னெறிப் பாடம் மட்டும்தான். கடவுள் நம்பிக்கை என்ற நற்பண்பின் விளக்கத்தைத் தேர்வுக்காக ஒரு சொல் பிசகாமல் படித்து வைத்திருந்தேன். கண்ணை மூடி அதையே சொல்லத் தொடங்கினேன். "அவரவர் சமயப்படி" என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டது. எனக்கென்று ஓர் "அவரவர்" இல்லை. அப்பா அந்தக் கதவுக்கு முன்னால் தனியாக நின்றார், நான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு இடையே இரண்டு எட்டுத் தூரம்கூட இருந்திருக்காது.

அம்மா பிழைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது, அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, நடந்ததைச் சொன்னேன். அம்மா வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அலாமாக்! முன் வரிசையா? நான் ஆகக் கடைசி வரிசைலா. முடிஞ்சதும் பஸ் பிடிக்க ஓடணுமே." கொஞ்சம் பொறுத்து, "செருப்பக் கழட்டினாரா?" என்றார். "எங்க சர்ச்சுல யாரும் செருப்பே கழட்ட மாட்டாங்க." அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சி ஆறிப்போயிற்று.

உடன்பாடு மாறவில்லை. அப்பா வெள்ளிக்கிழமை போனார், அம்மா ஞாயிற்றுக்கிழமை போனார். அம்மா முன் வரிசைக்கு மாறினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தோன்றவில்லை. என் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் முழுக்க அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். நூலகத்தில் இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் எடுத்துப் படித்திருந்தேன். தேர்வுக்குப் போகிறவளைப்போலப் பதிலைத் தயார் செய்திருந்தேன். "எனக்குத் தெரியலப்பா, தெரியலம்மா, ஆனா ஒங்க ரெண்டு பேரையும் விட முடியாது," என்பதுதான் அந்தப் பதில். அன்று மாலை அம்மா கேக் வெட்டினார். அப்பா தொண்டையைச் செருமினார். "மலரு," என்றார், "மோட்டார் லைசென்ஸ் எடுக்கறியா?"

அவர்கள் மறந்துவிட்டார்களா, கேட்கப் பயந்தார்களா, என்னைக் காப்பாற்றினார்களா என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. பத்து ஆண்டுகளாகச் சுமந்துகொண்டு வந்ததை இறக்கிவைக்க இடம் இல்லாமல் போனதுபோலவும் இருந்தது.

இப்போது எனக்கு மூன்று வயதில் ஒரு மகள். யாழினி, இவளுக்கும் எந்தப் பக்கமும் சாயாத பெயர்தான் வாய்த்தது. ஸ்கூடாயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கணவர் விடியுமுன்னே சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் தாண்டிப் போய்விடுவார். அவளை நான் வாசலில் உட்காரவைக்கவில்லை. மாமியாரோடு கோயிலுக்கும் அனுப்புகிறேன், அம்மாவோடு சர்ச்சுக்கும் அனுப்புகிறேன். இது சரியா என்று தினமும் யோசிக்கிறேன். எதையும் கொடுக்காமல் விட்டது தவறென்றால், எல்லாவற்றையும் கொடுப்பது மட்டும் சரியாகிவிடுமா? அவள் இப்போது வெளிச்சத்தோடு திறக்கும் எதைக் கண்டாலும் கைகூப்புகிறாள். லிஃப்ட் கதவு திறந்தால்கூட.

பெக்கான் நானாஸ் வீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர்கள் முன்வாசலை அடைத்துக் கூடம் ஆக்கி, வழுவழுப்பான ஓடு பதித்துவிட்டார்களாம். மக்சிக் குளுவாங்கில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சீனத் தாத்தா இல்லை. மாநிலத்தின் வார விடுமுறைகூட வெள்ளிக்கு மாறி, மறுபடி ஞாயிற்றுக்கே திரும்பி வந்துவிட்டது. அப்பா போய் ஓர் ஆண்டாகிறது. அவர் முறைப்படியே இறுதிக் காரியமெல்லாம் செய்தோம். அம்மா வெள்ளைச் சேலையில் ஓர் ஓரமாக நின்றார். அவர் அழைக்காமலே சபையிலிருந்து நான்கு பேர் வந்து வெளியே நின்றார்கள்.

போன ஞாயிறு சர்ச் முடிந்து அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். யாழினியை மடியில் வைத்துக்கொண்டு, சன்னலைப் பார்த்தபடி, "மலரு, அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒங்கப்பா என்ன சொன்னாரு? மறுபடி சொல்லு," என்றார்.

சொன்னேன். குடை, வரிசை, எல்லாம்.

"ஆண்டவரேன்னு சொன்னாரா?"

"எஸ்தரோட சாமின்னு சொன்னாரும்மா."

அம்மா தலையாட்டினார். குழந்தையின் முடியைக் கோதிக்கொண்டே இருந்தார். பிறகு, பள்ளிப் பிள்ளை ஆசிரியரிடம் கேட்பதுபோன்ற குரலில் கேட்டார்:

"அது கணக்குல வருமா?"

நான் படித்தவள் என்பதால் என்னிடம் கேட்டாரோ, அங்கே இருந்த ஒரே சாட்சி என்பதால் கேட்டாரோ, தெரியாது. எது உண்மை என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாத ஒன்றை நிச்சயமாகச் சொல்லக்கூடாது என்று நினைக்கிறவள் நான்.

"வரும்மா," என்றேன். "செருப்பக்கூட கழட்டிட்டுல்ல நின்னாரு."

அம்மா யாழினியை மடியிலிருந்து இறக்கிவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நடைவழியில் லிஃப்ட் திறந்தபோது யாழினி வழக்கம்போலக் கைகூப்பினாள். அம்மா உள்ளே போய்த் திரும்பி நின்று, அவளைப் பார்த்துத் தானும் கைகூப்பினார். கதவு மூடிக்கொண்டது. நான் சன்னலுக்கு ஓடிவந்து, கீழே அந்தக் குடை பஸ் நிறுத்தத்தை நோக்கிச் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.