காது கேட்காது என்று ஒரு சீட்டு

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, சரியாக நினைவில்லை. மகாபலிபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து என் மகளை இழுத்துக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது முறையாகப் போன நாள் அது.

அவளுக்கு அப்போது ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது, ஹாஸ்டல் உண்டு, சர்க்கார் உதவித்தொகையும் உண்டு என்றார்கள். ஆனால் டாக்டர் சீட்டு வேண்டுமாம், அதுவும் அந்த மாதத்துக்குள். தவறினால் வயது தாண்டிவிடும். கடல் இரைச்சலே கேட்காத பெண் என்று குப்பத்துக்கே தெரியும். அதற்கு ஒரு சீட்டு!

முதல் முறை போனபோது காது டாக்டர் லீவு. திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறினால், அன்றைக்கு மீன் கூடையே இல்லாத என்னைப் பார்த்தும் கண்டக்டர் மூக்கைப் பொத்தினான். நான் சீயக்காய் தேய்த்துக் குளித்திருந்தேன், அதை யாரிடம் சொல்ல?

இரண்டாவது முறை டாக்டர் இருந்தார். அவளை எனக்கு எதிரே உட்காரவைத்து, அவளுக்குப் பின்னால் நின்று கைதட்டினார். சனியன், டக்கென்று திரும்பிவிட்டாள்! மணி அடித்தார். அதற்கும் திரும்பினாள்.

"நல்லாத்தானே கேக்குது. உதவித்தொகைக்காகப் பொய் சொல்றியா?" என்றார்.

மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு இரண்டு அடி வைத்தேன். எதற்கு என்று தெரியாமல் விழித்தாள்.

மூன்றாவது முறை கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்தால், மறுபடியும் திரும்பினாள். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மே சிரிக்கிற? என் பொழப்பு உனுக்கு சிரிப்பா கீதா?"

"பின்ன இன்னாவாம்? டாக்டரு கைய தூக்கறதுக்குள்ள நீ கண்ண அங்க வுடுற. அது உன் மூஞ்சப் பாத்து திரும்புது. ஏந்து வெளிய வாம்மே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாய் துரத்தினாலும் வண்டி வந்தாலும் என் முகத்தைப் பார்த்தே ஒதுங்கப் பழகியவள் அவள். பழக்கியதே நான்தான்.

வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். உள்ளே கைதட்டல் கேட்டது, மணி கேட்டது. பிறகு தட்டு ஒன்று தடாலென்று விழுந்தது. வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் துள்ளினார்கள். டாக்டர் கூப்பிட்டதும் போனால், அவள் அசையாமல் நான் போன கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டார். நான் கைநாட்டு வைத்தேன். பெற்ற பெண்ணுக்குக் காது கேட்காது என்று எழுதித் தந்ததற்கு வாய்விட்டுச் சிரித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்புறம் ஒருநாள் அந்த ஆயாவுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுபோனேன். மோந்து பார்த்துவிட்டு, "உப்பு பத்தலையே" என்றாள் மகராசி!

நான் இன்றைக்கும் கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல என் வாயைப் பார்த்து இதை எழுதுகிறவள் அந்த மகள்தான். அடித்ததைச் சொன்ன இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவளை விட்டு நான் வெளியே போய் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் கைக்கு இந்தப் பேனாவைக் கொடுத்தது.